எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொன்ன அம்மா

ராசா,

சுகம் கேட்டு எழுதுகிற வரி இந்தக் கடிதத்தில் இல்லை. நேற்றுக் காலையில்தான் மருமகள் ஸ்ரௌவ்வில்லில் உங்கள் புது வீட்டுச் சமையலறைப் படத்தை அனுப்பியிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நீ வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு நின்றாய். உன் சுகம் அதிலேயே தெரிந்துவிட்டது. என் சுகமும் உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைதானே வந்து பார்த்துவிட்டுப் போனாய். ஆனால் நீ போன பிறகு இங்கே ஒன்று நடந்தது. அதை ஃபோனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "அம்மா, மீற்றிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கட்டோ" என்பாய். ஆகவே கடைக்குப் போய் ஒரு கொப்பி வாங்கிவந்து, பேனையால் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்தான். ஆனால் நீ வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எந்தப் பெட்டியும் முளைத்துவந்து உன்னிடம் சம்மதம் கேட்காது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் உன்னை இழுத்துக்கொண்டு போனது இப்போது உதவட்டும். கடினமான இடங்களை மருமகளிடம் கேள். அவள் சென்னையில் படித்தவள், மளமளவென்று வாசிப்பாள். நம்முடைய பேச்சுச் சொற்கள் வரும் இடங்களில் அவளுக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

போன மாதம் நான் ஆடிய கூத்திலிருந்து தொடங்குகிறேன். காலைச் சாப்பாடு முடிந்து பழைய லாப்டொப்பைத் திறந்து வைத்திருந்தேன். குப்பை மெயில் விழுகிற பெட்டிக்குள் "உங்கள் உறவினர் உங்களைத் தேடுகிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்புக் கிடந்தது. அதன்மேல் விரலை வைத்து அமத்தினேன். திரை முழுக்கச் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இந்தக் கொம்பியூட்டரை நிறுத்தாதே, உடனே இந்த நம்பருக்கு அடி என்று எழுதியிருந்தது. அடித்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆள், நல்ல மரியாதையான ஆள், "மேடம், மேடம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றேன். கொஞ்ச நேரத்தில் நான் கை வைக்காமலே அந்த அம்புக்குறி திரையில் தானாக நடக்கத் தொடங்கியது. அதைக் கண்ட பிறகுதான் பயம் பிடித்தது, உனக்கு அடித்தேன். "நான் வந்துகொண்டிருக்கிறன். வயரைப் புடுங்குங்கோ. ஒண்டிலயும் கை வையாதேங்கோ" என்றாய். வேலை உடுப்போடு வந்து நின்றாய்.

அன்றைக்கு நீ என்னை ஏசியது தப்பில்லை. "என்னம்மா இது? உவங்கள் கள்ளர். குப்பை எண்டு அவனே பிரிச்சுத் தள்ளி வைச்சதை நீங்கள் ஏன் போய்க் கிளறுறீங்கள்? ஆர் என்ன கேட்டாலும் யெஸ், யெஸ், யெஸ்! உதை எப்பதான் விடப்போறீங்கள்?" என்றாய். நான் உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். அப்பா கதிரையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் இருந்த பக்கம் நீ திரும்பவில்லை, அவரும் பத்திரிகையை இறக்கவில்லை. நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. யெஸ் சொல்லுகிற பழக்கம் எங்கே பிடித்தது என்பதும் தெரியும், குப்பையை ஏன் கிளறுகிறேன் என்பதும் தெரியும். இரண்டையும் இப்போது சொல்கிறேன்.

யெஸ் எனக்கு விமான நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. என்னை இங்கே அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரன் விமானம் ஏறுமுன் சொல்லித் தந்த ஒரே ஒரு பாடம், "தங்கச்சி, அவங்கள் என்ன கேட்டாலும் யெஸ் எண்டு சொல்லு. நோ எண்டு சொன்னா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்பதுதான். நான் அதை மந்திரம் போல நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே வந்து இறங்கினேன். அதிகாரி கேட்டார், யெஸ் சொன்னேன். தனியாகவா வந்தாய் என்றிருப்பார், யெஸ். புருஷனோடா வந்தாய் என்றிருப்பார், அதற்கும் யெஸ். கடைசியாக ஏதோ கேட்டார், யெஸ் என்றதும் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மொழிபெயர்க்கிற அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து, "பிள்ளை, துவக்கு ஏதும் கொண்டு வந்தனியோ எண்டெல்லோ கேக்கிறார்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். துப்பாக்கிக்கும் யெஸ் சொன்னவளைப் பார்த்து அதிகாரியும் சிரித்துவிட்டார். திருப்பி அனுப்பவில்லை. ஏற்கெனவே வந்து பார்க்டேலில் ஒற்றை அறையில் இருந்த உன் அப்பாவிடம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தேன். இந்த நாட்டுக்குள் என்னை விட்டது அந்த ஒரு சொல். அதை விடு என்றால் உடனே விட வருமா, சொல் பார்ப்போம்.

பார்க்டேலில் நீ பிறந்தாய், ஸ்காபரோ அடுக்குமாடிக்கு மாறியபின் வளர்ந்தாய். உனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, பார்க்டேலில் பழைய பழக்கமான ஆள் ஒருவர் தன் கொம்பியூட்டரை விற்கிறார் என்று அப்பா கேள்விப்பட்டார். எங்களிடம் கார் இல்லை. நீயும் அப்பாவும் போய் அதைத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரிலும் பிறகு சப்வேயிலும் பிறகு பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். அந்தக் காலத்துத் திரை, கறுத்த பெட்டி, ஒரு மூட்டை அரிசிப் பாரம் இருக்கும். என்னுடைய பூப்போட்ட படுக்கை விரிப்பால் அதைச் சுற்றி, வழி முழுக்க அப்பா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பஸ் குலுங்கும்போதெல்லாம் குனிந்து இரண்டு கையாலும் அணைத்தாராம். நீ வந்ததும் வராததுமாய், "அம்மா, அப்பா அதுக்குப் பக்கத்தில என்னை மூச்சுவிடக் கூட விடேல்லை" என்று என்னிடம் கோள் சொன்னாய். அப்பா வியர்த்து வழிய நின்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்த முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதை ஹோலில் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தோம். தூசி படாமல் நான் துணி தைத்துப் போட்டேன். அந்த முறை சரஸ்வதி பூசைக்கு உன் புத்தகங்களோடு கீபோர்ட்டையும் தூக்கிப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் பொட்டும் வைத்தேன். பூசை முடிந்து பார்த்தால் இரண்டு எழுத்து இறுகி வேலை செய்யவில்லை. "சந்தனம் உள்ளுக்கை போட்டுது அம்மா" என்று நீ பல்லுக் குச்சியால் கிண்டிக் கிண்டி எடுத்தாய். நீயும் அப்பாவும் சனிக்கிழமைகளில் அதற்கு முன்னால் ஒரே கதிரையில் பாதிப் பாதி இருந்தீர்கள். அவர் பிறம்ரனில் கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை முடித்து வந்து களைத்துப் போயிருப்பார். ஆனாலும் நீ ஏதாவது செய்து காட்டினால், "அதை இன்னொருக்கால் காட்டு, இன்னொருக்கால்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அது ஏறத்தாழ ஒரு வருடம். நம் வீட்டில் மிகச் சந்தோஷமான வருடம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனித் தேவன் மாமாவின் கதைக்கு வருகிறேன். என் ஒரே தம்பி, முழுப்பெயர் தேவராசா. நான் இங்கே வந்தபோது அவன் வன்னியில் நின்றுவிட்டான். நீ அவனை ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறாய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அக்கா, இஞ்சயும் இன்ரநெற் கடை திறந்திருக்கினம். நான் இமெயில் அடிக்கப் பழகுறன். உங்கட விலாசத்தை அனுப்புங்கோ. இனித் தபாலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை" என்று எழுதியிருந்தான். உன்னைக் கொண்டு ஒரு இமெயில் விலாசம் செய்வித்தேனே, ஞாபகமா? ‘அம்மாவுக்கு எதுக்கு இமெயில்’ என்று நீ சிரித்தாய். அந்த விலாசத்தைக் கடதாசியில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை, இமெயிலும் வரவில்லை.

எனக்குப் பின்னேர வேலை. காலையில் அப்பாவும் நீயும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். துணியை விலக்கிக் கொம்பியூட்டரைப் போடப் பழகினேன். முதலில் இமெயில் பார்ப்பேன். பிறகு ஊர்ச் செய்தி பார்ப்பேன். பிறகு, இதை எழுதவே கை கூசுகிறது, மரண அறிவித்தல் பக்கங்களைத் திறப்பேன். அங்கே ஒரு தேடுகிற பெட்டி இருக்கும், அதில் அவன் பெயரை அடிப்பேன். அவன் பெயர் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே அடிப்பேன். வரவில்லை என்றால் அன்றைக்கு நிம்மதி. இதை அப்பா ஒருமுறை கண்டுவிட்டார். "இஞ்சேரும், உதுகளைப் பாக்காதையும். பாத்திட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறீர். அவன் இருந்தா எழுதுவான்தானே" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் "இருந்தா" என்று சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பொல்லாத கோபம். இனிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒளித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் கிடக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும், யெஸ் என்று அமத்தினால் கட்டமெல்லாம் தமிழாகிவிடும். முதன்முதல் அது நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும், ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தாலும், இதற்குள்தான் தமிழ் இருக்கிறது என்று யெஸ் அமத்தினேன். பரிசு விழுந்திருக்கிறது என்று வரும், யெஸ். இலவசமாகப் பாட்டுத் தருகிறேன் என்று வரும், யெஸ். நான் எங்கெங்கே போகிறேன் என்று வேவு பார்க்கிற புரோகிராம்களுக்கும், குப்பை விளம்பரங்களை இழுத்துவருகிறவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்றது நான்தான். கொம்பியூட்டர் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டு போனது. அப்பா உன்னைக் கேட்டார், நீ தெரியாது என்றாய். நான் குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பூமணி அன்ரியும் அங்கிளும் பிறம்ரனிலிருந்து வந்திருந்தார்கள், மகளின் கலியாணப் படங்கள் உள்ள சீடீயோடு. அப்பாவுக்கு அப்போது அன்ரியின் வீட்டுக்காரர் முன்னால் கொஞ்சம் பெருமை காட்டுகிற ஆசை. "எங்கட கொம்பியூட்டரில போட்டுப் பாப்பம்" என்று துணியை விலக்கி, உன்னைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். எல்லோரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார்கள். கலியாணப் படத்துக்குப் பதிலாக அரைகுறை உடுப்போடு ஒரு பெண் வந்து நின்றாள். நீ அதை மூடினாய், இரண்டு வந்தது. இரண்டையும் மூடினாய், திரை நிறைய வந்தது. அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அப்பாவின் முகம் கறுத்துச் சிவந்தது. "ஆர் பாத்தது உதுகள்? சொல்லடா!" என்றார். "நான் பாக்கேல்லை அப்பா" என்றாய். "நீயில்லாட்டி ஆர்? நானோ? கொம்மாவோ?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் உன்னை அடித்ததில்லை.

அங்கிள் எழும்பி, "விடும், பெடியன்தானே" என்றார். அது அடியைவிடக் கேவலமாக இருந்தது, நீதான் செய்தாய் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். நீ என்னைப் பார்த்தாய், ராசா. நான் ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். "கொம்மாவோ" என்று அவர் கேட்ட கேள்விக்கு அப்போது ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் யெஸ் சொன்ன எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்கவில்லை. நான் பார்த்தது அந்தப் படங்களை இல்லை, மரண அறிவித்தலை என்று ஆட்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். ஒளித்துப் பார்த்தது தெரிந்தால் அவர் என்ன சொல்வார் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ரோல்ஸைப் பரிமாறினேன். அந்தப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக வரவேயில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் நீ தனியாக இருந்து கொம்பியூட்டரைத் துப்புரவாக்கினாய். பள்ளிக்கூடத்துப் பெடியனிடம் ஒரு சீடீ வாங்கி வந்தாய். முதலில் போட்ட புரோகிராம் போட்டவுடனேயே, உன் கொம்பியூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று சிவப்பில் கத்தியது, அதுவே இன்னும் நாலு குப்பையைக் கொண்டுவந்து கொட்டியது. இரண்டாவது எல்லாவற்றையும் தேடிப் பிடித்துவிட்டு, காசு தந்தால்தான் அழிப்பேன் என்றது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் அழகே இல்லாமல் இருந்தது, சத்தமும் இல்லை. அதுதான் வேலை செய்தது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, கத்துறதெல்லாம் கள்ளன். சத்தம் போடாததைத்தான் பாத்து எடுக்கோணும்" என்றாய். பதின்மூன்று வயதில் நீ சொன்ன அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை, போன மாதம் அந்தச் சிவப்புத் திரைக்கு முன்னால் மட்டும் மறந்துபோனேன்.

மூன்றாவது வேலை செய்த அந்தச் சனிக்கிழமை நீ என்னிடம் இன்னொன்றும் கேட்டாய். திரையில் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. "அம்மா, இஞ்ச வாங்கோ. இதுகளை அழிக்கட்டோ, வைக்கட்டோ?" என்றாய். நான் கண்ணாடி போடவில்லை, எனக்கு ஆங்கிலமும் பெரிதாகப் பிடிபடாது. "அழி" என்றேன். "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. அழிச்சா ஒருத்தருக்கும் தெரியாது" என்று இரண்டாம் தரமும் கேட்டாய். அழி என்றுதான் சொன்னேன். கொம்பியூட்டர் சம்பந்தமான ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

கொம்பியூட்டர் நல்லாகிவிட்டது. ஆனால் நீயும் அப்பாவும் அந்தக் கதிரையில் பிறகு ஒன்றாக இருக்கவில்லை. அப்பாவுக்குக் கை வைத்துவிட்டோமே என்ற கவலை, ஆனால் பிள்ளை பிழை செய்தது என்ற நினைப்பும் போகவில்லை. கவலையைச் சொல்லத் தெரியாத மனிதர், உறைத்துப் பேசத்தான் தெரியும். "சாப்பிட்டியோ", "ஓம்", "வேலை எப்பிடி", "பரவாயில்லை". இருபது வருடம் இதுதான் உங்கள் இருவருக்கும் இடையில் ஓடிய பேச்சு. ஊரெல்லாம், "என்ர மோன் கொம்பியூட்டரில புலி" என்று சொல்லித் திரிவார், நீ வாசலுக்கு வந்தால் பத்திரிகையைத் தூக்கிவிடுவார். நீயும் அவருடைய ஃபோனை வாங்கிப் பழுது பார்த்துத் திருப்பி மேசையில் வைப்பாய், கையில் கொடுக்கமாட்டாய். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லா வீட்டிலும் தகப்பனும் மகனும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், அந்தச் சந்தோஷமான வருடத்தைப் பார்த்தவள் நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது லாப்டொப்போடு வந்து என் பக்கத்தில் இருந்து, மூன்று புரோகிராம்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கினாய். ஒன்று விளம்பரப் பெட்டிகளை மட்டும் மறிக்கும். ஒன்று எல்லாவற்றையும் மறிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்கும். மூன்றாவது ஒன்றும் கேட்காது, சத்தமில்லாமல் தானே மறிக்கும், குப்பை மெயிலை எனக்குக் காட்டாமலே அழித்துவிடும். எது வேண்டும் என்றாய். கேட்கிறதைப் போடு என்றேன். "சீரியஸ்லி, அம்மா? கேட்டா நீங்கள் யெஸ் எண்டுதானே அமத்துவீங்கள்" என்று தலையில் கை வைத்தாய். "எனக்குக் குப்பையைத் தானா அழிக்கிறது மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்று கேட்பாய் என்று நினைத்தேன், கேட்கவில்லை. திரும்பி ஏதோ தட்டினாய். "மூண்டாவதைத்தான் போட்டிருக்கிறன். பயப்பிடாதேங்கோ, வரவேண்டியது வரும்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

நீ போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எதையும் மறிக்காமல் விட வேண்டியவை என்று ஒரு பட்டியல் திறந்தபடி கிடந்தது. உன் பெயர், மருமகளின் பெயர், டொக்டரைப் பார்க்கப் போகிற கந்தோர். அதற்குக் கீழே, இந்தப் பெயர் எங்கே இருந்தாலும் ஒருபோதும் குப்பைக்கு அனுப்பாதே என்று ஒரு வரி. தேவராசா. தமிழிலும் ஆங்கிலத்திலும். நான் அவனைத்தான் குப்பைக்குள் தேடுகிறேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவுக்கும் தெரியாது. தெரியாத விலாசத்திலிருந்து வருகிறதெல்லாம் குப்பைக்குப் போகும் என்று நீயே ஒருமுறை சொன்னாய், அவனுடைய விலாசமும் தெரியாத விலாசம்தானே என்று அன்றிலிருந்து தினமும் காலையில் அதற்குள் தேடி வருகிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து யோசித்து, கதிரையிலேயே இருந்துவிட்டேன். பிறகுதான் அந்தச் சனிக்கிழமைப் பட்டியல் நினைவுக்கு வந்தது. நான் போன பக்கங்கள் எல்லாம் அதில் இருந்திருக்கும். மரண அறிவித்தல், மரண அறிவித்தல், மரண அறிவித்தல். தேடுகிற பெட்டியில் நான் அடித்த பெயரும் அப்படியே நின்றிருக்கும்.

நீ அன்றைக்கே கண்டுவிட்டாய். அடி விழுந்து ஒரு மாதம் ஆகுமுன்பே உனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் உன் பெயர் துப்புரவாகியிருக்கும். ஆனால் நீ என்னிடம் வந்து அழிக்கட்டோ என்று கேட்டாய். அம்மா அழுகிறது அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று அழித்தாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை எனக்காக வாயை மூடிக்கொண்டது, முப்பத்தெட்டு வயதுத் தாய் தனக்காக வாயை மூடிக்கொண்டாள். ராசா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். மன்னிக்கிறாயோ இல்லையோ, ஆறுதலாகச் சொல், அவசரமில்லை. நோ என்றாலும் எனக்கு விளங்கும்.

மூன்றாவது இருக்கட்டும். என்னைக் கேட்காமலே மறிக்கட்டும். நீ எழுதிய அந்த ஒரு வரி எனக்குப் போதும், இனி நான் குப்பையைக் கிளறமாட்டேன்.

திங்கட்கிழமை காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அண்டைக்கு அது நீரோ?" என்றார். "ஓம்" என்றேன். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை. "பெடியன் பாக்கேல்லை எண்டு சொன்னவன். நான் கேக்கேல்லை" என்றார். கோப்பையை வைத்துவிட்டு ஜாக்கெட் இல்லாமல் பல்கனியில் போய் நின்றார். குளிருது, உள்ளே வாருங்கோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். வந்தபோது மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. "ஸ்ரௌவ்வில்லுக்கு எந்த பஸ் போகுது?" என்று கேட்டார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை, உனக்குத் தெரியும். நீ வந்து ஏற்றிப் போவாய், ஃபோன் எடுக்கட்டோ என்றேன். "வேண்டாம். நான்தான் போகோணும்" என்றார்.

நேற்று முழுக்க பஸ் நேரங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் பக்கம் பஸ் குறைவு, இறங்கிய பிறகும் கன தூரம் நடக்க வேண்டும். அதற்கும் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவேண்டாம், தானே கொண்டுபோய்த் தருகிறேன் என்றார். தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடமாட்டீர்களே என்று கேட்டேன். "கையில குடுப்பன்" என்றார். அந்தக் கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரியே இதையும் வைத்துக்கொண்டுதான் வருவார் என்று நினைக்கிறேன்.

ஆகவே இதை நீ வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா உனக்கு முன்னால் இருப்பார். கையில் பத்திரிகை இருக்காது, நான் வாங்கி வைத்துவிட்டேன். குளிருக்குள் நடந்து வந்திருப்பார், முதலில் தேத்தண்ணீர் கொடு, சீனி குறைத்து. அவர் உன்னிடம் ஏதோ கேட்க வருகிறார். என்ன கேட்கப் போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை, சொற்கள் ஒழுங்காக வருமோ என்பதும் எனக்குத் தெரியாது. ஆர் என்ன கேட்டாலும் யெஸ் சொல்லுகிறதை விடுங்கோ என்று நீ எனக்குச் சொன்னாய், நான் விட்டுவிட்டேன். ஆனால் இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும், எனக்காக, அந்தப் பழைய பாடத்தை நீ எடுத்துக்கொள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார். அவர் என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லு, ராசா.

அம்மா